எக்ஸ்ப்ளெய்னர்: எச்.ஐ.வி.யைத் தடுக்க வந்த 'பெண்கள் ஜெல்' ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை?

"இன்னைக்கு ஆணுறை போட்டுக்கோங்க" என்று ஒரு மனைவி கேட்கிறார். "ஏன், என் மேல சந்தேகமா?" என்று பதில் வருகிறது. அதற்கு மேல் பேசினால் சண்டைதான். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

கணவரிடம் கேட்காமல், தேவைப்பட்டால் அவருக்குத் தெரியாமலேயே, அந்தப் பெண் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி இருந்தால்? இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் 'மைக்ரோபிசைடு ஜெல்'. உடலுறவுக்கு முன்பு பெண்ணுறுப்புக்குள் தடவிக்கொள்ளும் ஒரு ஜெல், எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினைத் தொற்றுகளைத் தடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும் இந்த யோசனைக்காக 30 ஆண்டுகளுக்கும் மேல் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் சோதனைகளில் பங்கேற்றிருக்கிறார்கள். அதில் ஒரு சோதனை நம் சென்னையிலும் நடந்து, பாதியில் நிறுத்தப்பட்டது.

ஆனாலும் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் ஜெல் என்று ஒன்று இன்றுவரை கடைக்கு வரவில்லை. ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

அது என்ன மைக்ரோபிசைடு?

சிம்பிளா சொல்லணும்னா, நுண்ணுயிர்க்கொல்லி. ஊசி இல்லாத சிரிஞ்ச் போன்ற 'அப்ளிகேட்டர்' என்ற குழலில் ஜெல் நிரப்பப்பட்டிருக்கும். அதைப் பெண்ணே உள்ளே செலுத்திக்கொள்ளலாம்.

ஜெல் மூன்று விதமாக வேலை செய்யலாம். ஒன்று, கிருமியை நேரடியாக அழிப்பது. இரண்டு, கிருமி உடலின் செல்களில் ஒட்டாமல் தடுப்பது. மூன்று, செல்லுக்குள் நுழைந்துவிட்ட வைரஸ் பெருகாமல் நிறுத்துவது. ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் நகர்ந்தது.

இந்த யோசனை எப்போது வந்தது?

1990-ல், தென்னாப்பிரிக்காவில் பிறந்த தொற்றுநோயியல் நிபுணர் ஜீனா ஸ்டெய்ன் ஒரு கட்டுரை எழுதினார். எச்.ஐ.வி. தடுப்புக்கு நாம் சொல்லும் வழிகள் எல்லாமே ஆணின் சம்மதத்தை நம்பி இருக்கின்றன, பெண்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய வழி வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அப்போது கையில் இருந்தது ஆணுறை ஒன்றுதான். அதைப் போடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ஆண்.

இது ஆப்பிரிக்காவின் பிரச்சினை மட்டும்தானா? இல்லை. எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களிடம் சென்னையில் நடத்தப்பட்டு, 2000-ல் வெளியான ஓர் ஆய்வு இதே விஷயத்தைச் சொன்னது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். வாழ்நாளில் ஒரே துணையைத் தவிர வேறு யாருடனும் உறவு இல்லாதவர்கள். "ஒருவனுக்கு ஒருத்தி" என்று வாழ்ந்தும் அவர்களுக்குத் தொற்று வந்திருந்தது. அவர்களுக்கு 'பாதுகாப்பான உறவு' என்ற அறிவுரை எதற்கும் உதவவில்லை.

ஆய்வகத்தில் கிருமி செத்தால் போதாதா?

போதாது. இந்தக் கதை முழுக்க அதற்குத்தான் உதாரணம்.

முதலில் ஆய்வகம், பிறகு விலங்குகள். அடுத்து சில பெண்களிடம் புண், எரிச்சல் வருகிறதா என்று பார்க்கும் சிறிய சோதனைகள். கடைசியாகத்தான் 'உண்மையிலேயே தொற்றைத் தடுக்கிறதா?' என்று பார்க்கும் மூன்றாம் கட்டச் சோதனை. இதற்கு ஆயிரக்கணக்கான பெண்கள் தேவை.

பெண்கள் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்படுவார்கள். ஒரு குழுவுக்கு மருந்துள்ள ஜெல். இன்னொரு குழுவுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும், மருந்தில்லாத ஜெல். இதுதான் 'பிளாசிபோ'. யாருக்கு எது என்று பெண்ணுக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. கடைசியில் எந்தக் குழுவில் எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

அப்படின்னா, பெண்களுக்குத் தொற்று வரட்டும் என்று காத்திருக்கிறார்களா?

நெருடலான கேள்விதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தச் சோதனைகளில் இரண்டு குழுவினருக்கும் இலவச ஆணுறை, ஆலோசனை, தொடர் எச்.ஐ.வி. பரிசோதனை, மற்ற பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை ஆகியவை தரப்படும். "இந்த ஜெல் வேலை செய்யுமா என்று எங்களுக்கே தெரியாது, இதை நம்பி ஆணுறையை விட்டுவிடாதீர்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லப்படும். அதையும் மீறி, ஆணுறை இல்லாமல் நடக்கும் உறவுகளால் வரும் தொற்றுகளைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. புதிய தொற்றுகள் அதிகம் உள்ள இடத்தில்தான் இந்தச் சோதனையை நடத்த முடியும். அதனால்தான் பெரும்பாலான சோதனைகள் ஆப்பிரிக்க நாடுகளில், ஏழைப் பெண்களிடம் நடந்தன. சோதனைக் காலத்தில் தொற்று வந்தவர்களுக்குச் சிகிச்சை கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2007-ல் வெளியிட்ட நெறிமுறைகள் சொல்கின்றன.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. சோதனையை நடத்துபவர்களைச் சாராத ஒரு கண்காணிப்புக் குழு, இடையிடையே தரவுகளைத் திறந்து பார்க்கும். ஆபத்து என்று தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லும்.

முதல் அதிர்ச்சி: நோனாக்ஸினால்-9

இது பல ஆண்டுகளாகக் கடைகளில் விற்ற விந்தணுக் கொல்லி. ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யையும் கொன்றது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பொருள், விலையும் குறைவு. வேலை செய்துவிட்டால் பெரிய வெற்றி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் இந்த ஜெல் சோதிக்கப்பட்டது. 2000 ஜூலையில் டர்பனில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வெளியானது.

ஜெல் பயன்படுத்திய 376 பேரில் 59 பேருக்குத் தொற்று. மருந்தில்லாத ஜெல் பயன்படுத்திய 389 பேரில் 45 பேருக்குத் தொற்று. அதாவது, காக்க வேண்டிய மருந்து இருந்த குழுவில்தான் தொற்று அதிகம். அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

காரணம் என்ன? நோனாக்ஸினால்-9 ஒரு வகையில் சோப்பு மாதிரி. கொழுப்புப் படலத்தைக் கரைக்கும். வைரஸின் மேலுறையைக் கரைத்த அதே குணம், பெண்ணுறுப்பின் உள்தோலையும் அரித்தது. அந்தத் தோலில் வரும் சின்னச் சின்னப் புண்கள் வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. ஆய்வகத்தின் கண்ணாடிக் குழாயில் வைரஸ் மட்டும்தான் இருந்தது, தோல் இல்லை.

எச்.ஐ.வி. தடுப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இது எச்.ஐ.வி.யிலிருந்து பாதுகாக்காது என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும் என்று 2007-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. உத்தரவிட்டது.

சென்னையில் நின்றுபோன சோதனை

அடுத்த தலைமுறை ஜெல்கள் வைரஸைக் கரைக்கவில்லை. வைரஸ் செல்லில் ஒட்டாமல் வழுக்கிப் போகச் செய்வதுதான் அவற்றின் வேலை. அதில் ஒன்று 'செல்லுலோஸ் சல்ஃபேட்'. முந்தைய சிறிய பாதுகாப்புச் சோதனைகளில் பெரிய பிரச்சினை எதுவும் தெரியவில்லை.

பெனின், உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று ஆப்பிரிக்க நாடுகளிலும், இந்தியாவில் சென்னை, கர்நாடகத்தின் பாகல்கோட் ஆகிய இரண்டு இடங்களிலும் மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. சுமார் 1,400 பெண்கள் சேர்ந்திருந்தார்கள்.

இடையில் தரவுகளைத் திறந்து பார்த்த கண்காணிப்புக் குழு அதிர்ந்தது. மருந்துள்ள ஜெல் குழுவில் தொற்று விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. 2007 ஜனவரி 31 அன்று சோதனை நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

பிறகு எல்லாத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு சற்று மாறியது. மருந்துள்ள குழுவில் 25, மற்ற குழுவில் 16 தொற்றுகள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், ஜெல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது இறுதி முடிவு. ஆனால் ஜெல் காக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. தோலின் செல்களுக்கு நடுவே இருக்கும் இறுக்கமான பிணைப்பை இந்த மருந்து தளர்த்தியிருக்கலாம் என்று பின்னர் வந்த ஆய்வக ஆய்வுகள் சொல்லின.

இதே காலத்தில் இந்தியாவிலேயே ஒரு மூலிகை முயற்சியும் இருந்தது. டெல்லி விஞ்ஞானி ஜி.பி. தல்வார் தலைமையில் உருவான 'பிரனீம்'. வேப்பஞ்சாறு, பூந்திக்கொட்டைச் சத்து போன்றவை கலந்தது. எச்.ஐ.வி.யைத் தடுக்கிறதா என்று பார்க்கும் பெரிய சோதனை வரை அது போகவில்லை. 'மூலிகைதானே, பாதுகாப்பாகத்தான் இருக்கும்' என்று யாராவது சொன்னால் இந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலிகை என்றாலும் அதே பரிசோதனைகளைத் தாண்டித்தான் வர வேண்டும்.

கடற்பாசி ஜெல்லும் தோற்றது

கடற்பாசியிலிருந்து எடுக்கும் கேரஜீனன் என்ற பொருளில் தயாரானது 'கேரகார்ட்'. தென்னாப்பிரிக்காவில் 6,202 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2008-ல் வந்தது. மருந்துக் குழுவில் 134 தொற்று, மற்ற குழுவில் 151. பெரிய வித்தியாசம் இல்லை. ஜெல் பாதுகாப்பானதுதான், ஆனால் பலன் தரவில்லை.

இந்தச் சோதனையில் ஒரு புதுமை செய்தார்கள். திரும்பி வந்த அப்ளிகேட்டர்களில் சாயம் தெளித்து, அது உண்மையிலேயே உள்ளே செலுத்தப்பட்டதா என்று பார்த்தார்கள். 100 உறவுகளில் சராசரியாக 42-ல்தான் ஜெல் பயன்பட்டிருந்தது. பின்னால் வரப்போகும் பெரிய பிரச்சினையின் முதல் அறிகுறி இது.

அடுத்து 'ப்ரோ 2000'. தென்னாப்பிரிக்கா, தான்சானியா, உகாண்டா, ஜாம்பியா நாடுகளில் 9,385 பெண்கள் சேர்ந்த மாபெரும் சோதனை. 2009 டிசம்பரில் வந்த முடிவு: மருந்துக் குழுவில் 130, மற்ற குழுவில் 123. கிட்டத்தட்ட சமம்.

2010: எழுந்து நின்று கைதட்டிய அரங்கம்

மூன்றாவது தலைமுறையில் வழியே மாறியது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கும் 'டெனோஃபோவிர்' மருந்தை 1% அளவில் ஜெல்லாக்கினார்கள். இது செல்லுக்குள் போய், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 889 பெண்களிடம் நடந்த இந்தச் சோதனையின் பெயர் 'கேப்ரிசா 004'. குரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் தம்பதி இதற்குத் தலைமை தாங்கினார்கள். உறவுக்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒரு டோஸ், பிந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒரு டோஸ். 24 மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது.

மருந்துக் குழுவில் 38 தொற்று, மற்ற குழுவில் 60. அபாயம் 39% குறைந்தது. சொன்னபடி தவறாமல் பயன்படுத்தியவர்களிடம் 54% குறைந்தது. பிறப்புறுப்பு ஹெர்பீஸ் வைரஸ் தொற்றும் 51% குறைந்திருந்தது. 2010 ஜூலையில் வியன்னா மாநாட்டில் இந்த முடிவை அறிவித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு ஜெல்லால் எச்.ஐ.வி.யைத் தடுக்க முடியும் என்று முதல் முறையாக ஆதாரம் கிடைத்த நாள் அது.

அப்புறம் ஏன் வரவில்லை?

ஒரே சோதனையை வைத்து மருந்துக்கு அனுமதி தர மாட்டார்கள். மறுபடியும் சோதித்து உறுதி செய்ய வேண்டும். அங்கேதான் சறுக்கியது.

தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள் பங்கேற்ற 'வாய்ஸ்' சோதனையில் மாத்திரைகளோடு இந்த ஜெல்லும் சோதிக்கப்பட்டது. உறவு இருக்கிறதோ இல்லையோ, தினமும் ஜெல் பயன்படுத்த வேண்டும். பலன் தெரியாததால் 2011 நவம்பரில் ஜெல் பிரிவு நிறுத்தப்பட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், "தவறாமல் பயன்படுத்துகிறோம்" என்றுதான் பெண்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்ன கணக்குப்படி பயன்பாடு 90%. ரத்தத்தைச் சோதித்தபோது, ஜெல் குழுவின் மாதிரிகளில் 25%-ல்தான் மருந்து இருந்தது.

அடுத்து தென்னாப்பிரிக்காவில் 'ஃபேக்ட்ஸ் 001'. 2,059 பெண்கள், பெரும்பாலும் 25 வயதுக்கு உட்பட்டவர்கள், பலர் பெற்றோருடன் வசிப்பவர்கள். 2015 பிப்ரவரியில் வந்த முடிவு: மருந்துக் குழுவில் 61, மற்ற குழுவில் 62. உடலில் மருந்து இருந்த பெண்களுக்குப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. ஆனால் அப்படிப் பயன்படுத்தியவர்கள் போதுமான அளவில் இல்லை.

'பெண்கள் பொய் சொன்னார்கள்' என்று முடித்துவிடலாமா?

முடித்துவிடலாம்தான், ஆனால் அது பாதி உண்மை.

ஆய்வாளர்கள் பிறகு அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். எச்.ஐ.வி. மருந்து வீட்டில் இருந்தால் 'இவளுக்கு அந்த நோய் இருக்கு' என்று ஊர் பேசும். கணவரோ காதலரோ பார்த்தால் கேள்வி வரும். பக்க விளைவு பற்றிய வதந்தி வேறு. ஒரே அறையில் குடும்பமே படுக்கும் வீட்டில் அப்ளிகேட்டரை எங்கே ஒளித்து வைப்பது, எப்போது போட்டுக்கொள்வது? உண்மையைச் சொன்னால் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்களோ, அங்கே கிடைக்கும் நல்ல மருத்துவ வசதி போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

ஆணிடம் கேட்க முடியாத பெண்ணுக்காகத்தான் இந்த ஜெல் உருவானது. ஆனால் எந்தச் சூழல் அவரைக் கேட்கவிடாமல் தடுத்ததோ, அதே சூழல் ஜெல்லைப் போடவும் தடுத்தது. மருந்தைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள், அதைப் பயன்படுத்தும் வீட்டைக் கணக்கில் எடுக்கவில்லை.

நல்ல பாக்டீரியாவுக்கும் இதில் பங்கு உண்டு

2017-ல் இன்னொரு விஷயம் வெளிவந்தது. பெண்ணுறுப்பில் இயல்பாகவே 'லாக்டோபேசில்லஸ்' என்ற நல்ல பாக்டீரியா இருக்கும். தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவின் சொந்தக்காரர் என்று சொல்லலாம். அது சுரக்கும் அமிலமே ஒரு காவல்.

கேப்ரிசா சோதனையில் சேமித்து வைத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, இந்த நல்ல பாக்டீரியா அதிகம் இருந்த பெண்களுக்கு ஜெல் 61% பாதுகாப்பு தந்திருந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு 18% மட்டுமே. அங்கே பெருகியிருந்த 'கார்ட்னரெல்லா' என்ற பாக்டீரியா, மருந்து செல்லுக்குள் போவதற்கு முன்பே அதைத் தீர்த்துவிடுகிறது.

மற்ற பால்வினை நோய்களுக்கு ஜெல் உண்டா?

கொனோரியா, கிளமிடியா தொற்றுகளுக்காக ஒரு முயற்சி அமெரிக்காவில் நடந்தது. லாக்டிக் அமிலம் கலந்த ஒரு ஜெல், 2020-ல் கருத்தடைக்காக அங்கே அனுமதி பெற்றது. அதே ஜெல், 2019-ல் முடிவு வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் கிளமிடியாவைப் பாதியாகக் குறைத்தது, கொனோரியாவை இன்னும் அதிகமாகக் குறைத்தது. ஆனால் 2022-ல் வந்த மூன்றாம் கட்டச் சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சிறிய சோதனையில் ஜெயிப்பது பெரிய சோதனையில் நிற்காமல் போவது, மறுபடியும் அதே கதை.

ஜெல்லுக்குப் பதில் இப்போது என்ன?

தினமும், ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துப் போட வேண்டியதில்லை என்ற பக்கம் ஆராய்ச்சி திரும்பியது.

டாபிவிரின் வளையம்: மாதம் ஒருமுறை பெண்ணுறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் மிருதுவான சிலிகான் வளையம். 2016-ல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில் 27%, 31% என அபாயம் குறைந்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் கூடுதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் அனுமதித்துள்ளன.

லெனகாபவிர் ஊசி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2024-ல் வெளியான தென்னாப்பிரிக்கா, உகாண்டா சோதனையில் ஊசி போட்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி தந்தது. வீட்டில் ஒளித்து வைக்க எதுவுமில்லை என்பது இதன் பெரிய பலம்.

ஆனால் இவை இரண்டும் எச்.ஐ.வி.க்கு மட்டும்தான். சிஃபிலிஸ், கொனோரியா, கிளமிடியாவைத் தடுக்காது. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெண்ணின் கையில் ஒரு பொருள் வேண்டும் என்று 1990-ல் எழுந்த தேவை இன்னும் முழுசாக நிறைவேறவில்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும் லூப்ரிகன்ட் ஜெல், விந்தணுக் கொல்லி, 'இன்டிமேட் வாஷ்' எதுவும் எச்.ஐ.வி.யையோ மற்ற பால்வினை நோய்களையோ தடுக்காது.

'நோனாக்ஸினால்-9' என்று அச்சிட்ட பொருளை நோய்த் தடுப்புக்காக வாங்க வேண்டாம். வாங்கும் முன் பெட்டியைப் படியுங்கள்.

பெண்ணுறுப்பின் உட்புறத்தைச் சோப்பு, டெட்டால் போன்றவற்றால் கழுவ வேண்டாம். காவலுக்கு இருக்கும் நல்ல பாக்டீரியா போய்விடும்.

ஆணுறை, பெண்ணுறை இரண்டும் இன்றைக்கும் எச்.ஐ.வி., மற்ற பால்வினைத் தொற்றுகள் இரண்டிலிருந்தும் பாதுகாக்கும் வழி.

எச்.ஐ.வி. தொற்றுக்கு வாய்ப்புள்ள உறவு நடந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் தடுப்பு மருந்து தொடங்க முடியும். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரம் ரகசியமாக இருக்கும். போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். யார், எந்த ஊர் என்று சொல்லாமலும் பேசலாம்.